பாலாற்றில் பால் எங்கே?

2021 ஏப்ரல் மாதம். காட்பாடியிலிருந்து வேலூருக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும், என் மடியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த மகள் கீழே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அப்போது நான்கு வயது. கீழே மணல், சீமைக் கருவேல முள், மேய்ந்துகொண்டிருந்த இரண்டு எருமைகள். தண்ணீர் என்று சொல்ல ஒரு சொட்டுக் கிடையாது.

“அம்மா, இது என்ன?”

“பாலாறு.”

“பால் எங்கே?”

“பால் கிடையாது கண்ணு. பெயர்தான் பாலாறு.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: “யார் குடித்துவிட்டார்கள்?”

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது; என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முன் சீட்டில் இருந்த வயதான அம்மா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி அவளுடைய பாதத்தைத் தொட்டு, “மணல் அள்ளினவர்கள் குடித்துவிட்டார்கள் பாப்பா” என்றார். மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். பஸ்ஸில் அத்தனை பேர் இருந்தும், அந்தக் கேள்வியைக் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

அன்று இரவு ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்து இந்த உரையாடலை அப்படியே எழுதி வைத்தேன். அன்றிலிருந்து அவள் சொன்னதையும், பிறகு அவள் தம்பி சொன்னதையும் எழுதி வருகிறேன். குழந்தைகள் பேசுவது நமக்கு ஏன் வேடிக்கையாகத் தெரிகிறது, சில நேரம் ஏன் முதிர்ந்தவர் வாக்குப்போல் இருக்கிறது என்று படித்தும் பார்த்தேன். புரிந்ததை, இதைப் பற்றி முதன்முறையாக யோசிக்கிறவர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பால் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பால் பாத்திரத்தில் பால் இருக்கும். தண்ணீர்க் குடத்தில் தண்ணீர் இருக்கும். அரிசி மூட்டையில் அரிசி, எண்ணெய்த் தூக்கில் எண்ணெய். நான்கு வருடமாக அவள் காதில் விழுந்த சொற்களெல்லாம் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டிருந்தன: முன்னால் எந்தப் பொருளின் பெயர் நிற்கிறதோ, உள்ளே அந்தப் பொருள் இருக்கும். இந்த விதியை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு அவளே கண்டுபிடித்தது. பாலாறு என்றதும் அந்த விதியைப் போட்டுப் பார்த்தாள். அப்படியானால் பால் இருந்தாக வேண்டும். இப்போது இல்லை என்றால், இருந்து தீர்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பால் எப்படித் தீரும்? யாராவது குடித்தால் தீரும். ஆகவே, யார் குடித்தது?

ஒவ்வொரு படியாக நடந்து பாருங்கள். எங்கும் வழுக்கல் இல்லை. ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர், ஆள் பெயர் ஆகியவற்றுக்கு அந்த விதி செல்லாது என்ற ஒரே ஒரு தகவல்தான் அவளிடம் இல்லை. குழந்தைகளின் வேடிக்கைப் பேச்சில் பெரும்பகுதி இப்படித்தான் பிறக்கிறது. கணக்கு சரியாக இருக்கும். போட்ட எண்களில் ஒன்று குறைந்திருக்கும். கிடைத்த விதியை அது செல்லாத இடத்துக்கும் கொண்டுபோவதை மொழியியலில் மிகைப் பொதுமையாக்கம் என்கிறார்கள். சொல் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் விஷயம் எளியது.

சொல்லாத சொல் எங்கிருந்து வருகிறது?

குழந்தை நம்மைப் பார்த்து அப்படியே திருப்பிச் சொல்லித்தான் பேசக் கற்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1958-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்கோ ஓர் அழகான சோதனை செய்து, விஷயம் அவ்வளவு எளிதல்ல என்று காட்டினார். பறவைபோல ஒரு கற்பனைப் பிராணியை வரைந்து, அதற்கு ‘வக்’ என்று ஒரு பெயர் சூட்டினார். உலகில் எந்தக் குழந்தையும் கேட்டிராத பெயர். “இது ஒரு வக். இதோ இன்னொன்று வந்துவிட்டது. இப்போது இரண்டு...” என்று வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்துவார். பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கும் வயதுக் குழந்தைகள் “வக்ஸ்” என்று முடித்துவைத்தார்கள். யாரிடமும் கேட்டிராத சொல்லைத் திருப்பிச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் பன்மை எப்படி உண்டாகிறது என்ற விதி அவர்களுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

நம் தமிழில் இதைப் பார்க்கச் சோதனையே வேண்டாம். சமையலறையில் நின்று காது கொடுத்தால் போதும். பாடினேன், ஓடினேன், தூங்கினேன், வாங்கினேன் என்ற வரிசையைக் கேட்டுப் பழகிய குழந்தை, ‘சொல்’ என்பதையும் அதே அச்சில் போட்டு “சொல்லினேன்” என்கும். ‘நில்’ என்பது “நில்லினேன்” ஆகும். வந்தேன் இருக்கும்போது போந்தேன் இருக்கக் கூடாதா? என் மகன் மூன்று வயதில் ஒரு மாதம் முழுக்க “கடைக்குப் போந்தேன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நம் பழைய செய்யுள்களில் ‘சொல்லினான்’ என்ற வடிவமும் உண்டு, ‘போந்தான்’ என்ற வடிவமும் உண்டு. அவன் செய்யுள் படித்தவன் இல்லை. மொழி எப்போதோ நடந்து பார்த்த பாதையில், யாரும் காட்டாமல், தானே கால் வைத்தான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இதில் பெற்றோர் கலங்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டரை வயதில் “சொன்னேன்”, “போனேன்” என்று ஒழுங்காகப் பேசிய குழந்தை, மூன்று வயதுக்கு மேல் திடீரென்று தப்பாகப் பேசும். பின்னோக்கிப் போகிறதோ என்று பயம் வரும். உண்மையில் அது முன்னேற்றம். முதலில் சரியாகச் சொன்னது மனப்பாடம். விதியைக் கண்டுபிடித்தவுடன், புதுச் சாவி கிடைத்தவர் எல்லாப் பூட்டிலும் நுழைத்துப் பார்ப்பதுபோல எல்லாச் சொல்லிலும் அதைப் போட்டுப் பார்க்கிறது. கேட்கக் கேட்க, எந்தச் சொல் விதிக்கு அடங்காது என்பதும் பிடிபட்டு, மறுபடியும் “சொன்னேன்” திரும்பி வரும். ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் இந்த மூன்று கட்டங்களையும் நிறையப் பதிவு செய்திருக்கிறார்கள். என் நோட்டிலும் மூன்றும் தேதியோடு இருக்கின்றன.

இரண்டு ஆயா, ஒரே தண்ணீர்

எங்கள் வடாற்காட்டுப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். அங்கன்வாடியில் குழந்தைகளுக்குச் சோறு போட்டு, முகம் கழுவிவிடும் உதவியாளரையும் ஆயா என்றுதான் அழைக்கிறோம். அங்கன்வாடிக்குப் போன முதல் வாரமே மகள் குழம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து என் மாமியாரிடம், “ஆயா, அங்கே இருக்கிற ஆயா உனக்கு அக்காவா தங்கச்சியா?” என்று கேட்டாள். என் மாமியார், “எனக்கு யாருமில்லை கண்ணு, நான் ஒருத்திதான்” என்றார். அடுத்த நாள் அவள் அங்கன்வாடி ஆயாவின் கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை இழுத்து வந்துவிட்டாள். “ஆயா, உனக்கு யாருமில்லை என்றாயே. இதோ.” அந்த இரண்டு பெண்களும் அதற்கு முன் பேசியதே இல்லை. இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குச் சேர்ந்து போகிறார்கள்.

பெயர் என்பது மனிதர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு என்பது சின்னக் குழந்தைக்குத் தெரியாது. பெயரும் பொருளும் ஒட்டிப் பிறந்தவை என்றுதான் அது நினைக்கிறது. ஒரே பெயர் இருந்தால் ஒரே குடும்பமாகத்தான் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜே (1896–1980), குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். சூரியனை நிலா என்றும் நிலாவைச் சூரியன் என்றும் அழைத்திருக்கலாமா என்று குழந்தைகளிடம் கேட்டார். முடியாது என்றார்கள், சூரியன் நிலாவைவிடப் பிரகாசமாக இருக்கிறதே என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

எங்கள் தெருவில் வீட்டுக்குள் உருதுவும் வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைய. வேலூரில், ஆம்பூரில், வாணியம்பாடியில் இது புதிதல்ல. பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது, விளையாடிக் களைத்து எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டான். சொம்பைக் கொடுத்தேன். குடித்து முடித்து, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ரொம்ப நாள் யோசித்த விஷயத்தைச் சொல்பவன்போல் சொன்னான்:

“அத்தை, உங்கள் வீட்டில் குடிப்பது தண்ணீர். எங்கள் வீட்டில் குடிப்பது பானி. ஆனால் இரண்டும் ஒரே குழாயில்தான் வருகிறது.”

நான் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். இந்த வாக்கியத்தைப் பெரியவர் ஒருவர் மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்போம். அவன் அறிவுரை சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னான். பெயர் வீட்டுக்கு வீடு மாறுகிறது, குழாய் மாறவில்லை. பெயர் வேறு, பொருள் வேறு என்ற பெரிய கதவை அந்த நிமிடம் அவன் தள்ளித் திறந்துகொண்டிருந்தான். இரண்டு மொழி நடுவே வளரும் குழந்தைக்கு இந்தக் கதவு சற்றுச் சீக்கிரமே கண்ணில் படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உயர்திணையாகிவிட்ட பஸ்

“பஸ் தூங்குகிறான், சத்தம் போடாதே.” டிப்போவில் வரிசையாக நின்ற பஸ்களைப் பார்த்து என் மகன் சொன்னது. அவனுக்கு மோதிக்கொண்ட கதவு “கெட்டவன்”. கொட்டிப்போன சாம்பார் “பாவம், விழுந்துவிட்டாள்”. அசைவது, வெளிச்சம் தருவது, வலிக்கவைப்பது எதுவானாலும் அதற்கு உயிரும் மனமும் உண்டு என்று குழந்தைகள் எடுத்துக்கொள்வதைப் பியாஜே விரிவாக எழுதியிருக்கிறார். தெரிந்த ஒரே உயிர் தன் உயிர்தான். தெரியாத ஒன்றைப் பார்க்கும்போது, அதுவும் நம்மைப் போலத்தான் இருக்கும் என்று தொடங்குவதைத் தவிர வேறு என்ன வழி இருக்கிறது?

தமிழில் இது இன்னும் சுவையாகிறது. பிற பல மொழிகளில் குழந்தை இப்படி நினைத்தால் கருத்துத்தான் மாறும். நம் மொழியில் வினைமுற்றே மாறிவிடும். திணை நம் இலக்கணத்தின் அடித்தளம். தூங்குகிறது என்றால் அஃறிணை, தூங்குகிறான் என்றால் உயர்திணை. குழந்தை பஸ்ஸை எந்த வகுப்பில் சேர்த்திருக்கிறது என்பதை அந்த ஒரு விகுதி காட்டிக்கொடுத்துவிடும். பள்ளியில் படித்த வழுவமைதி நினைவிருக்கிறதா? பசுவைப் பார்த்து “என் அம்மை வந்தாள்” என்று ஒருவர் சொன்னால், அன்பு மிகுதியால் சொன்னது என்று அதை இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பஸ்ஸைத் தூங்குகிறான் என்று உயர்த்துகிற அந்தக் குழந்தையை நாம் எப்படிச் சொல்கிறோம்? “குழந்தை தூங்குகிறது” என்கிறோம்.

நிலாவும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். ரத்தினகிரி முருகனைப் பார்த்துவிட்டு ஒரு மாலை வேலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே நிலா. தூரத்து மலைகளுக்கு மேலே அது எங்களோடு வந்துகொண்டே இருந்தது. மகன் பதற்றமாக என் கையை இழுத்தான்.

“அம்மா, நிலாவுக்கு டிக்கெட் எடுத்தாயா?”

நான் வாய் திறப்பதற்குள் அக்காவிடமிருந்து பதில் வந்துவிட்டது: “நிலா பெண்ணடா. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது.”

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவளுக்கு அந்த விதி தெரியும். நிலா என்று பெண்களுக்குத்தான் பெயர் வைக்கிறார்கள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்தாள், விடை வந்துவிட்டது. தம்பிக்கும் நிம்மதி.

நிலா ஏன் கூடவே வருவதுபோல் தெரிகிறது? பஸ் ஓடும்போது அருகில் இருக்கும் புளியமரம் சட்டென்று பின்னால் போய்விடும். சற்றுத் தள்ளியிருக்கும் வீடு மெதுவாகப் போகும். மலை இன்னும் மெதுவாக நகரும். நிலா இருப்பதோ ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில். நாம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுவதால் அது தெரியும் திசை கொஞ்சமும் மாறுவதில்லை. மற்றதெல்லாம் பின்னால் போக, ஒன்று மட்டும் போகாமல் இருந்தால் அது கூட வருகிறது என்றுதான் பொருள். ஜெனீவாவில் பியாஜே கேட்ட குழந்தைகளும் நிலா தங்களோடு நடந்து வருவதாகவே சொன்னார்கள். நம் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கு இந்த மனம் தெரிந்திருக்கிறது. அம்புலிப் பருவம் என்று ஒரு பருவத்தையே வைத்து, குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கெஞ்சியும், ஒப்பிட்டும், ஆசை காட்டியும், வராவிட்டால் நடப்பதைச் சொல்லி மிரட்டியும் கூப்பிடுகிறார்கள். பேசினால் கேட்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் மிரட்ட மாட்டார்கள்.

வீட்டிலேயே கேட்டுப் பார்க்க இரண்டு கேள்விகள்

தம்பி, அக்கா என்பவை உறவுகள். இருவர் இருந்தால்தான் உறவு. ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்குத் தம்பி என்பது ஓர் ஆள்; சட்டை, செருப்புபோல ஒருவருக்குச் சொந்தமானது. என் மகனுக்கு நான்கு வயதானதும் கேட்டேன்.

“உனக்கு அக்கா இருக்கிறாளா?”

“இருக்கிறாள்.”

“அக்காவுக்குத் தம்பி இருக்கிறானா?”

சுற்றும் முற்றும் பார்த்தான். “இல்லையே. நான்தான் இருக்கிறேன்.”

இது பியாஜே கேட்ட அதே கேள்வி. அவருக்கும் இதே விடைதான் கிடைத்தது. தன்னைத் தான் இருக்கும் இடத்திலிருந்து மட்டுமே குழந்தை பார்க்கிறது. அக்காவின் இடத்தில் நின்று தன்னைத் திரும்பிப் பார்க்க இன்னும் வரவில்லை. தொலைபேசியில் அப்பா “சாப்பிட்டாயா?” என்று கேட்டால் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டும் குழந்தையை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கதைதான்.

இரண்டாவது கேள்விக்கு ஆற்காடு மக்கன் பேடா தேவை. 1983-இல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இருவர் சாக்லேட்டை வைத்துச் சொன்ன கதையை நான் பேடாவை வைத்துச் சொன்னேன். அண்ணன் பேடாவை எவர்சில்வர் டப்பாவில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கிறாள். அண்ணன் திரும்பி வந்து பேடாவை எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் “ஃபிரிட்ஜில்” என்கும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது அதன் எண்ணம். நான்கு, ஐந்து வயதாகும்போது “டப்பாவில்” என்ற விடை வரத் தொடங்கும். அடுத்தவர் மனத்துக்குள் வேறு ஒரு படம் இருக்கலாம், அது தவறாகவும் இருக்கலாம் என்று புரிந்துவிட்டது என்று பொருள். பொய் சொல்லும் திறமையும் இந்தப் புரிதலோடு சேர்ந்தே வளர்கிறது. அந்தக் கரை வந்து சேராத வயதில் என் மகன், கன்னமெல்லாம் பாகு வழிய, “நான் பேடா தின்னவில்லை அம்மா, அதுதான் வாய்க்குள் போய்விட்டது” என்றான். நான் எதைப் பார்க்கிறேன் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு களங்கமில்லாமல் இருந்தது.

தோசையை நான்காகப் பிய்த்துப் போட்டால் “நிறைய தோசை” என்று மகிழ்வதும், உங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து என்னை ஏன் கூப்பிடவில்லை என்று அழுவதும், நான் பெரியவளாகி நீ சின்னவளானதும் உன்னை இடுப்பில் தூக்கிக்கொள்வேன் என்று வாக்குக் கொடுப்பதும் எல்லோர் வீட்டிலும் உண்டு. அளவு, காலம், வயது ஆகியவற்றின் விதிகள் இன்னும் கைக்கு வராத நேரத்துப் பேச்சுகள் இவை.

ஞானம்போல் கேட்பது

இதுவரை சொன்னவை பெரும்பாலும் சிரிக்க வைப்பவை. சில பேச்சுகள் சிரிப்பை நிறுத்திவிடும்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். மூன்றாவது இப்போது உண்மையில்லை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் நூற்றாண்டுக்கணக்கில் வழிபாடு இல்லாமல் கிடந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கொண்டுவந்து வைத்தார்கள். என் மாமியாருக்கு அந்த வருடம்தான் கல்யாணம். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இதைச் சொல்வார். ஒருநாள் கல்யாண மண்டபத்து யாளித் தூணருகே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் குறுக்கிட்டாள்.

“சாமி வருகிறவரைக்கும் கோயில் தனியாகவா இருந்தது?”

“ஆமாம்.”

“ராத்திரியிலும்?”

“ராத்திரியிலும்தான்.”

அவள் தூணைத் தடவிக்கொடுத்தாள். “பயந்திருக்கும் ஆயா.”

என் மாமியார் வெகுநேரம் பேசவில்லை. பஸ்ஸைத் தூங்குகிறான் என்று சொல்லவைத்த அதே எண்ணம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. கோயிலுக்கும் மனம் உண்டு, தனியாக விட்டால் பயப்படும். பஸ் விஷயத்தில் நமக்குச் சிரிப்பு வந்தது. இங்கே தொண்டை அடைக்கிறது. அவளுடைய கணக்கு மாறவில்லை. அது போய் நின்ற இடம் நமக்கு முக்கியமான இடம், அவ்வளவுதான். குழந்தைக்குத் தான் வேடிக்கையாகப் பேசினோமா, ஆழமாகப் பேசினோமா என்பது தெரியாது. அந்தப் பிரிவினை நம்முடையது. ஆகவே குழந்தையை ஞானி என்று கொண்டாடுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அதுவும் ஒரு விதத்தில் அது சொன்னதைக் கேட்காமல் விடுவதுதான்.

ஆனாலும் குழந்தையின் பேச்சு ஞானம்போல் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பார்த்துப் பார்த்து நாம் பார்க்காமல் விட்டவற்றைக் குழந்தை புதிதாகப் பார்க்கிறது. கூடத்துச் சுவரில் என் மாமனார் படம் மாட்டியிருக்கிறது. திதிக்குப் போட்ட மாலை ஒரு மாதமாக அப்படியே காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. சாமந்தி சருகாகி, நார் விறைத்து நின்றது. நாங்கள் நால்வரும் தினமும் அதன் கீழேதான் சாப்பிட்டோம். மகன் ஒருநாள் சோற்றுத் தட்டோடு நிமிர்ந்து பார்த்து, “தாத்தாவுக்குக் கழுத்தில் குத்துமே” என்றான். என் மாமியார் கையைக்கூடக் கழுவவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, இடது கையால் மாலையைக் கழற்றினார். கழற்றிவிட்டுப் படத்தில் கழுத்து இருந்த இடத்தை முந்தானையால் துடைத்தார்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். ஆனால் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி, “சொல்லு, அன்றைக்குச் சொன்னாயே, மாமாவுக்குச் சொல்லிக்காட்டு” என்பது வேண்டாம். அந்தப் பஸ்ஸில் என் தோளில் புதைந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. யோசித்துச் சொன்னதற்குச் சிரிப்புத்தான் கூலி என்று தெரிந்துவிட்டால், அடுத்த யோசனை வாய்க்கு வராது. படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவதையும் அதே காரணத்துக்காக நான் விரும்புவதில்லை.

“சொல்லினேன்” என்றால், “தப்பு, சொன்னேன் என்று சொல்” என்று வெட்டத் தேவையில்லை. “அப்படியா, சொன்னாயா? யாரிடம் சொன்னாய்?” என்று பேச்சை நீட்டினால் போதும். சரியான வடிவம் காதில் விழுந்துவிட்டது, பேச்சும் அறுபடவில்லை. கேள்வி கேட்டால் உடனே விடை சொல்லிவிடாமல், “உனக்கு எப்படித் தோன்றுகிறது?” என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். குழந்தைக்குள் ஓடும் கணக்கு முழுவதும் வெளியே வந்துவிடும். பால் எங்கே என்று கேட்டவளிடம் அன்று நான் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

எழுதி வையுங்கள். தேதி, குழந்தையின் வயது வருடமும் மாதமுமாக, சொன்ன இடம், சொன்ன சொல் அப்படியே. அழகுபடுத்தாதீர்கள், திருத்தாதீர்கள். இரண்டு நாள் கழித்து எழுதினால் அது உங்கள் வாக்கியமாகிவிடும். எனக்கு அப்படிக் கெட்டுப்போனவை நிறைய.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். தவறாகப் பேசுவது வேறு, பேச்சே வராமல் இருப்பது வேறு. இரண்டு வயது முடிந்தும் “அம்மா வா”, “பால் வேண்டும்” என்பதுபோல் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றாலோ, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றாலோ, பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோனாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டி முதலில் காது கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள். “அவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்” என்று வீட்டில் சொல்வதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

நோட்டின் முதல் பக்கத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தேன். அந்த வருடம் நவம்பரில் மழை கொட்டித் தீர்த்து, பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது. பல ஆண்டுகளாகப் பார்க்காத தண்ணீர். ஊரே திரண்டு பார்க்கப் போனது. நாங்களும் போனோம். என் கணவர் மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். செம்பழுப்பு நிறத்தில் வெள்ளம் நுரைத்துக்கொண்டு போனது. அவள் இரண்டு கையாலும் அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பேசாமல் பார்த்தாள். பிறகு குனிந்து என்னிடம் சொன்னாள்:

“அம்மா, பால் வந்துவிட்டது. யாரோ டீத்தூள் போட்டுவிட்டார்கள்.”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. “யார் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டேன். அவள் விரலை நீட்டி மலைப் பக்கம் காட்டினாள்.